மைக்ரோடிக் ரவுட்டரில் நேட் விதிகள் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நேட் என்பது, பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) ரவுட்டரைக் கடக்கும்போது அதன் முகவரியை மாற்றுவது. அதற்கான விதி எழுதுவது கஷ்டமான வேலை இல்லை. மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருளான வின்பாக்ஸில் நான்கைந்து கட்டங்களை நிரப்பினால் ஒரு விதி தயார். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது அதற்கு முன்னால். எந்த இன்டர்ஃபேஸுக்கு (ரவுட்டரின் இணைப்பு வாயில்) விதி, பாக்கெட் அதன் வழியாக வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று முடிவு செய்யாமலே கை ப்ளஸ் பட்டனுக்குப் போய்விடுகிறது. அப்புறம் ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது என்று விதிகள் குவிகின்றன. எது எதற்காக என்று போட்டவருக்கே தெரியாது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒரு படியைச் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

உதாரணமாக ஒரு சின்ன அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மைக்ரோடிக் ரவுட்டர், அதில் ஓடும் இயங்குதளம் ரவுட்டர்ஓஎஸ் 7. ஈதர்1 போர்ட் இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் போகிறது. மற்ற போர்ட்டுகள் எல்லாம் பிரிட்ஜில், அதாவது ஒரே உள் நெட்வொர்க்காகச் சேர்ந்திருக்கின்றன. உள் நெட்வொர்க் 192.168.88.0/24, அதில் ரவுட்டரின் முகவரி 192.168.88.1, பில்லிங் மென்பொருள் ஓடும் சர்வர் 192.168.88.50. வெளி முகவரி 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். இந்த முகவரித் தொடர் உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது எல்லாம் ஐபிவி4-க்கு மட்டும்.

1. தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

ரவுட்டரில் கம்பெனி அமைப்பு, அதாவது வாங்கும்போதே அதில் இருக்கும் அமைப்பு, அப்படியே இருந்தால் அதை அழிக்காதீர்கள். "சுத்தமாக முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்" என்று ரிமூவ் கான்ஃபிகரேஷன் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அதோடு எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வாலின் ஃபில்டர் விதிகளும் போய்விடும். பிறகு கையால் அமைத்தால் இணையம் வரும், ஆனால் ரவுட்டர் வெளியே திறந்து கிடக்கும். கம்பெனி அமைப்பில் லேன் (உள் பக்கம்), வேன் (வெளிப் பக்கம்) என்று இரண்டு இன்டர்ஃபேஸ் பட்டியல்களும், ஒரு மாஸ்க்கரேட் விதியும் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் நேட்), ஒழுங்கான ஃபில்டர் விதிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் அதன்மேல்தான் கட்டப்போகிறோம்.

ஃபைல்ஸ் மெனுவில் போய் ஒரு பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை உங்கள் கணினிக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் பேக்கப், ரவுட்டர் படுத்துவிட்டால் எதற்கும் உதவாது.

வேலையை லேன் பக்கத்திலிருந்து, கேபிள் போட்டு, வின்பாக்ஸின் நெய்பர்ஸ் பட்டியலில் மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் முகவரி) தேர்ந்து இணைந்து செய்யுங்கள். ஐபி அமைப்பில் ஏதாவது கெட்டுப்போனாலும் மேக் வழி இணைப்பு பெரும்பாலும் அறுபடாமல் இருக்கும்.

மேலே இருக்கும் சேஃப் மோட் பட்டனை அழுத்திவிட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். அந்த நிலையில் உங்கள் இணைப்பு அறுந்தால், அதுவரை செய்த மாற்றங்களை ரவுட்டரே திரும்ப எடுத்துவிடும். ஒரு படி முடிந்து எல்லாம் சரி என்று தெரிந்ததும் பட்டனை விடுவித்து, அடுத்த படிக்கு மறுபடி அழுத்துங்கள். ரவுட்டர் கடைசி 100 செயல்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். அதைத் தாண்டினால் சேஃப் மோட் தானாகவே விலகிவிடும்.

2. உண்மையான வெளி இன்டர்ஃபேஸ் எது?

கேபிள் செருகியிருக்கும் போர்ட்தான் வெளி இன்டர்ஃபேஸ் என்று நினைப்பதுதான் முதல் தடுக்கல்.

ஐபி → அட்ரஸஸ் திறந்து பாருங்கள். இணைய நிறுவனம் கொடுத்த முகவரி எந்த இன்டர்ஃபேஸின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் நேட் விதிக்கான இன்டர்ஃபேஸ். நிறுவனம் டிஹெச்சிபி மூலம் தானாக முகவரி கொடுத்தால் அது ஈதர்1-இன் மேல் இருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ என்றால், முகவரி பிபிபிஓஇ-அவுட்1 என்ற இன்டர்ஃபேஸின் மேல் இருக்கும். ஈதர்1-இல் ஒன்றும் இருக்காது. கேபிள் ஈதர்1-இல்தான் இருக்கிறது, ஆனாலும் ரவுட்டரின் கணக்கில் ஐபி பாக்கெட் வெளியேறுவது பிபிபிஓஇ-அவுட்1 வழியாக. ஈதர்1-க்கு மாஸ்க்கரேட் போட்டுவிட்டு "விதி இருக்கிறது, இணையம் மட்டும் வரவில்லை" என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

வி-லேன் (ஒரே கேபிளில் பிரித்த தனி நெட்வொர்க்) மூலம் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களுக்கும் இதே கதை. முகவரி வி-லேன் இன்டர்ஃபேஸின் மேல் இருந்தால் விதியும் அதற்குத்தான்.

அந்த முகவரியையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 10-இல் தொடங்கினாலோ, 172.16-இலிருந்து 172.31-க்குள் இருந்தாலோ, 192.168-இல் தொடங்கினாலோ அது தனியார் முகவரி. 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால், நிறுவனம் தன் பக்கத்திலேயே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய தொடர் இது. இந்த நிலையிலும் உள்ளிருந்து வெளியே போவதில் சிக்கல் இல்லை. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வரும் போர்ட் ஃபார்வர்டு நடக்காது. நீங்கள் எத்தனை விதி போட்டாலும் பாக்கெட் உங்கள் ரவுட்டர் வரைக்குமே வராது.

192.168.1 போல ஒரு முகவரி வந்தால், பெரும்பாலும் ஃபைபர் பெட்டியே ரவுட்டராக வேலை செய்து ஒரு நேட் போடுகிறது என்று பொருள். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (நேட் போடாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள். 100.64 ரகம் என்றால் பொது முகவரி வேண்டும் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தனிக் கட்டணம். 7-ஆம் படியில் கேட்பதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது. பதில் வரத்தான் நாளாகும்.

3. அந்த இன்டர்ஃபேஸை வேன் பட்டியலில் சேருங்கள்

இன்டர்ஃபேஸஸ் → இன்டர்ஃபேஸ் லிஸ்ட் போங்கள். கம்பெனி அமைப்பில் வேன் பட்டியலில் ஈதர்1 மட்டும் இருக்கும். பிபிபிஓஇ இணைப்பைப் பிபிபி மெனுவில் கையால் சேர்த்திருந்தால், பிபிபிஓஇ-அவுட்1 தானாக இந்தப் பட்டியலுக்குள் வராது. நீங்கள்தான் ப்ளஸ் அழுத்தி, லிஸ்ட் என்ற இடத்தில் வேன், இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் பிபிபிஓஇ-அவுட்1 என்று சேர்க்க வேண்டும்.

இதை விட்டால் இரண்டு விஷயம் கெடும். கம்பெனி மாஸ்க்கரேட் விதி "வேன் பட்டியல் வழியாகப் போவது" என்றுதான் பார்க்கிறது. பட்டியலில் இல்லாத இன்டர்ஃபேஸுக்கு நேட் நடக்காது. அது உடனே தெரிந்துவிடும், இணையம் வராது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது: வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குப் போகும் புது இணைப்புகளைத் தடுக்கும் ஃபார்வர்டு விதியும் இதே வேன் பட்டியலைத்தான் பார்க்கிறது. அதுவும் வேலை செய்யாது.

அவசரத்தில் சிலர் பட்டியலைத் தொடாமல், நேட் விதியில் பட்டியலுக்குப் பதிலாக பிபிபிஓஇ-அவுட்1 என்று நேரே போட்டுவிடுகிறார்கள். இணையம் வந்துவிடும். தடுப்பு விதி மட்டும் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும். அதனால்தான் எப்போதும் பட்டியலைச் சரிசெய்யுங்கள், விதியை அல்ல என்று சொல்கிறேன். நாளைக்கு இணைப்பை மாற்றினாலும் பட்டியலில் ஒரு வரி மாற்றினால் போதும்.

4. உள்ளிருந்து வெளியே: மாஸ்க்கரேட்

ஐபி → ஃபயர்வால் → நேட் தாவலைத் திறங்கள். கம்பெனி அமைப்பில் ஒரு மாஸ்க்கரேட் விதி ஏற்கெனவே இருக்கும். இருந்தால் இன்னொன்று சேர்க்க வேண்டாம். இல்லையென்றால் மட்டும் இப்படி:

ஜெனரல் தாவலில் செயின்: எஸ்ஆர்சி-நேட். அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்: வேன். ஆக்‌ஷன் தாவலில் ஆக்‌ஷன்: மாஸ்க்கரேட். கமென்ட்டில் "லேன் முதல் இணையம் வரை" என்பதுபோல ஒரு வரி. அவ்வளவுதான்.

எஸ்ஆர்சி-நேட் என்பது அனுப்புகிறவரின் முகவரியை மாற்றுவது. ரவுட்டர் இதைக் கடைசியில், எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, பாக்கெட் வெளியேறும் நேரத்தில் செய்கிறது. அதனால் இந்தச் செயினில் அவுட் இன்டர்ஃபேஸைத்தான் கேட்க முடியும். இன் இன்டர்ஃபேஸ் கட்டத்தில் பிரிட்ஜ் என்று நிரப்பினால் ரவுட்டர் பிழை காட்டி மறுத்துவிடும். "லேனிலிருந்து வருவதுதானே, ஏன் மறுக்கிறது?" என்று பலர் திகைப்பது இங்கேதான். உள்ளிருந்து வரும் பாக்கெட்டை அடையாளம் காட்ட வேண்டுமென்றால் எஸ்ஆர்சி அட்ரஸ் கட்டத்தில் 192.168.88.0/24 போடுங்கள்.

அவுட் இன்டர்ஃபேஸ் எதையுமே போடாமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. ரவுட்டர் மறுக்காது, இணையமும் வரும், எல்லாம் சரிபோலவே தோன்றும். ஆனால் ரவுட்டர் வழியாகப் போகும் அத்தனை இணைப்புகளின் அனுப்புநர் முகவரியும் மாறிவிடும். சில வாரம் கழித்து போர்ட் ஃபார்வர்டு போட்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தால், உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் 192.168.88.1 என்ற ஒரே முகவரியில் வந்ததாகப் பதிவாகியிருக்கும். தப்பான பாஸ்வேர்டு போடுபவரைத் தடுக்கும் மென்பொருள் சர்வரில் இருந்தால், அது ரவுட்டரையே தடுத்துவிட்டு உட்காரும்.

கம்பெனி விதியின் அட்வான்ஸ்டு தாவலில் ஐபிசெக் பாலிசி என்ற இடத்தில் "அவுட், நன்" என்று இருக்கும். அதை அழிக்காதீர்கள். கிளை அலுவலகத்துக்கு ஐபிசெக் டனல் (மறையாக்கம் செய்த இணைப்பு) போட்டால், அதற்குள் போகும் பாக்கெட்டின் முகவரி மாறாமல் இருக்க அது வேண்டும்.

5. இப்போதே சோதியுங்கள், சரியாகச் சோதியுங்கள்

ரவுட்டரின் டூல்ஸ் → பிங் திறந்து 8.8.8.8 அடித்துப் பதில் வந்ததும் "நேட் வேலை செய்கிறது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். ரவுட்டரே அனுப்பும் பிங், வெளி முகவரியிலிருந்தே கிளம்புகிறது. அதற்கு நேட் தேவையே இல்லை. நேட் விதி இல்லாவிட்டாலும் அது பதில் தரும்.

அதே பிங் ஜன்னலில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய் எஸ்ஆர்சி அட்ரஸ் என்ற இடத்தில் 192.168.88.1 போட்டு மறுபடி அடியுங்கள். இப்போது பதில் வந்தால் நேட் நடக்கிறது. முதல் பிங் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் கோளாறு நேட்டில்தான். 2-ஆம், 3-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். முதல் பிங்கே வரவில்லையா? நேட்டைத் தொடாதீர்கள். இணைப்போ, இணையத்துக்குப் போகும் வழியான டிஃபால்ட் ரூட்டோதான் சரியில்லை.

இரண்டும் வந்து, கணினியில் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால், கணினியிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அடித்துப் பாருங்கள். அது வந்தால், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் பிரச்சினை.

ஃபயர்வாலின் கனெக்‌ஷன்ஸ் தாவலையும் ஒருமுறை பாருங்கள். ஒரு வரியில் எஸ்ஆர்சி அட்ரஸ் 192.168.88.20 போல இருக்கும். ரிப்ளை டிஎஸ்டி அட்ரஸ் என்ற கட்டத்தில் உங்கள் வெளி முகவரி இருக்க வேண்டும். அந்தக் கட்டம் தெரியவில்லை என்றால் ஷோ காலம்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் எந்த முகவரிக்கு வரும் என்று ரவுட்டர் எதிர்பார்க்கிறது என்பதை அது காட்டுகிறது. அங்கேயும் 192.168.88.20 என்றே இருந்தால் அந்த இணைப்புக்கு நேட் நடக்கவில்லை.

விதியின் எதிரே ஓடும் பைட்ஸ், பாக்கெட்ஸ் எண்கள் மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஒரு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் நேட் விதிகளைத் தொடும். மற்றதெல்லாம் ரவுட்டரின் இணைப்புப் பதிவேடான கனெக்‌ஷன் டிராக்கிங் பார்த்துக்கொள்ளும். ஒரு முழுப் படத்தை டவுன்லோடு செய்தாலும் விதியில் ஒன்று மட்டும்தான் ஏறும்.

இந்த ஒரு விஷயத்தால்தான் புதியவர்களின் பாதி நேரம் வீணாகிறது. விதியை மாற்றுகிறார்கள், சோதிக்கிறார்கள், பழையபடியே நடக்கிறது. "இந்த விதி சரியில்லை" என்று அதையும் மாற்றுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் இணைப்பு பழைய விதிப்படியே ஓடும் என்பதுதான் காரணம். விதியை மாற்றிய பிறகு கனெக்‌ஷன்ஸ் தாவலில் அந்தச் சாதனத்தின் வரிகளைத் தேர்ந்து மைனஸ் அழுத்தி அழித்துவிட்டுச் சோதியுங்கள். தொடர்ந்து பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும் ஐபி ஃபோன்களுக்கு இது கட்டாயம். அவற்றின் பழைய பதிவு தானாகக் காலாவதியாவதே இல்லை.

6. நிலையான முகவரி இருந்தால் எஸ்ஆர்சி-நேட் ஆக்‌ஷன்

மாஸ்க்கரேட், வெளி இன்டர்ஃபேஸில் இருக்கும் முகவரியைத் தானே பார்த்து எடுத்துக்கொள்கிறது. முகவரி மாறிக்கொண்டே இருக்கும் இணைப்புக்கு அதுதான் சரி. இணைப்பு அறுந்தால் அதன் பழைய பதிவுகளையும் அதுவே துடைத்துவிடும்.

மாறாத பொது முகவரி வாங்கியிருந்தால், ஆக்‌ஷன் இடத்தில் எஸ்ஆர்சி-நேட் என்று போட்டு, டூ அட்ரஸஸ் இடத்தில் 203.0.113.10 கொடுக்கலாம். ஒரே முகவரி என்றால் மாஸ்க்கரேட்டே போதும், மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. பல முகவரிகள் இருந்து, எது எதற்கு என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும்போதுதான் இது உண்மையில் தேவைப்படும்.

உதாரணமாக, மெயில் சர்வர் 192.168.88.60 மட்டும் 203.0.113.11 என்ற முகவரியில் வெளியே போக வேண்டும். செயின் எஸ்ஆர்சி-நேட், எஸ்ஆர்சி அட்ரஸ் 192.168.88.60, அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் வேன், ஆக்‌ஷன் எஸ்ஆர்சி-நேட், டூ அட்ரஸஸ் 203.0.113.11. இந்த விதி பொது விதிக்கு மேலே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் மறப்பது: 203.0.113.11-ஐ ஐபி → அட்ரஸஸில் வெளி இன்டர்ஃபேஸில் சேர்ப்பது. ஈதர்நெட் வழியாக ஒரு தொடர் முகவரி கொடுத்திருந்தால், நிறுவனத்தின் ரவுட்டர் "203.0.113.11 யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும். முகவரி உங்கள் ரவுட்டரில் இல்லையென்றால் பதில் சொல்ல ஆளில்லை. பாக்கெட் போகும், பதில் திரும்பாது.

7. வெளியிலிருந்து உள்ளே: போர்ட் ஃபார்வர்டு

முதலில் சர்வரின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ஐபி → டிஹெச்சிபி சர்வர் → லீஸஸ் போய், சர்வரின் வரியைத் தேர்ந்து மேக் ஸ்டாட்டிக் கொடுங்கள். பிறகு அதே வரியைத் திறந்து முகவரியை 192.168.88.50 என்று மாற்றி, சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இதைச் செய்யாமல் போட்ட ஃபார்வர்டு, ஒரு நாள் மின்சாரம் போய் வந்த பிறகு பிரிண்டரைக் காட்டும்.

அடுத்து, சர்வரின் கேட்வே (வெளியே அனுப்புவதை அது கொடுக்கும் முகவரி) 192.168.88.1-தானா என்று பாருங்கள். கேட்வே வேறாக இருந்தால் வந்த பாக்கெட்டுக்கான பதில் வேறு வழியாகப் போய்த் தொலைந்துவிடும்.

இப்போது விதி. நேட் தாவலில் ப்ளஸ். செயின்: டிஎஸ்டி-நேட். புரோட்டோகால்: டிசிபி. டிஎஸ்டி போர்ட்: 8443. இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்: வேன். ஆக்‌ஷன்: டிஎஸ்டி-நேட். டூ அட்ரஸஸ்: 192.168.88.50. டூ போர்ட்ஸ்: 443.

புரோட்டோகாலை முதலில் தேர்ந்தால்தான் போர்ட் கட்டங்கள் திறக்கும். அவை திறந்ததும் மேலே இருக்கும் எஸ்ஆர்சி போர்ட்டில் 8443 எழுதிவிடுவது வழக்கமான கைத்தவறு. வெளியிலிருந்து வருகிறவரின் சோர்ஸ் போர்ட் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும்; அதைப் பார்த்து எழுதிய விதி ஒருபோதும் பொருந்தாது. இரண்டு கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கண் ஏமாந்துவிடும். முடித்த பிறகு விதியின் வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

போய்ச் சேரும் முகவரியை மாற்றும் டிஎஸ்டி-நேட் நடப்பது பாக்கெட் உள்ளே வந்ததும், வழி முடிவு செய்வதற்கு முன்னால். அதனால் இங்கே இன் இன்டர்ஃபேஸ் மட்டும்தான். எஸ்ஆர்சி-நேட்டுக்கு நேர்த் தலைகீழ்.

இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டைக் காலியாக விட்டால் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். டிஎஸ்டி போர்ட் 80 என்று மட்டும் போட்டு, வேன் என்று சொல்லாமல் விட்ட ஒரு விதி. அலுவலகத்தில் யார் எந்தப் பழைய ஹெச்டிடிபி தளத்தைத் திறந்தாலும் பில்லிங் லாகின் பக்கமே வந்தது. இதே தவறை 443-இல் செய்தால் எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் எச்சரிக்கை வரும். வைரஸ் என்று நினைத்துக் கணினியை ஃபார்மட் செய்யப் போய்விடுவார்கள். விதியோ தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது: 443-க்குப் போகும் எதுவானாலும், லேனிலிருந்து இணையத்துக்குப் போவதானாலும், 192.168.88.50-க்குத் திருப்பு.

யாரெல்லாம் வரலாம் என்பதையும் இங்கேயே கட்டுப்படுத்துங்கள். கிளை அலுவலகத்துக்கு நிலையான முகவரி இருந்தால், அட்வான்ஸ்டு தாவலில் எஸ்ஆர்சி அட்ரஸ் லிஸ்ட் போட்டு அந்த முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். 443-க்குப் பதில் 8443 வைத்தால் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். போர்ட் தேடும் நிரல்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கேமரா ரெக்கார்டருக்கும், ரவுட்டரின் சொந்த வின்பாக்ஸ் போர்ட்டான 8291-க்கும் வெளியிலிருந்து வழி திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2018-இல் அந்த வின்பாக்ஸ் போர்ட்டில் இருந்த ஓட்டை வழியாக, வெளியே திறந்து கிடந்த மைக்ரோடிக் ரவுட்டர்கள் ஏராளமாக ஹேக்கர்கள் கைக்குப் போயின. ரவுட்டர்ஓஎஸ் 7-இல் வயர்கார்டு என்ற விபிஎன் உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர் அதன் வழியாக உள்ளே வந்து பார்க்கட்டும்.

8. ஃபில்டர் விதி வழிவிடுகிறதா?

கம்பெனி அமைப்பு இருந்தால் இந்தப் படி முடிந்த மாதிரிதான். அதன் கடைசி ஃபார்வர்டு விதி "வேனிலிருந்து வரும் புது இணைப்பில், டிஎஸ்டி-நேட் ஆகாததைத் தடு" என்கிறது. நீங்கள் ஃபார்வர்டு செய்தது தானாகவே கடந்துவிடும்.

ஃபில்டரை நீங்களே எழுதியிருந்தால், தடுக்கும் விதிக்கு மேலே ஒரு அனுமதி விதி வேண்டும். செயின் ஃபார்வர்டு, புரோட்டோகால் டிசிபி, டிஎஸ்டி அட்ரஸ் 192.168.88.50, டிஎஸ்டி போர்ட் 443, ஆக்‌ஷன் அக்செப்ட். இங்கே 203.0.113.10 என்றும் 8443 என்றும் எழுதினால் பொருந்தாது. பாக்கெட் ஃபில்டருக்கு வரும்போது முகவரியும் போர்ட்டும் ஏற்கெனவே மாறியிருக்கும்.

9. வெளியே போய்ச் சோதியுங்கள்

அலுவலக வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியை அடித்துப் பார்க்காதீர்கள். அது 10-ஆம் படியின் கதை. ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் 203.0.113.10:8443 திறங்கள். கண்ணை டிஎஸ்டி-நேட் விதியின் எண்ணில் வையுங்கள்.

எண் ஏறவே இல்லையா? பாக்கெட் உங்களிடம் வரவில்லை, அல்லது விதி பொருந்தவில்லை. எஸ்ஆர்சி போர்ட் தவறு, வேன் பட்டியல், பொது முகவரி இல்லாதது, ஃபைபர் பெட்டியின் நேட், இந்த வரிசையில் பாருங்கள். நிறுவனமே சில போர்ட்டுகளை மறிப்பதும் உண்டு. வேறு போர்ட் எண்ணில் முயன்றால் தெரிந்துவிடும்.

எண் ஏறுகிறது, பக்கம் திறக்கவில்லை. அப்படியென்றால் நேட் தன் வேலையை முடித்துவிட்டது. இனி அந்த விதியை நோண்ட வேண்டாம். கனெக்‌ஷன்ஸ் தாவலில் அந்த வரியின் டிசிபி ஸ்டேட் "சின் சென்ட்" என்றே நின்றால், சர்வரிடமிருந்து பதில் வரவில்லை. கேட்வே, சர்வரின் சொந்த ஃபயர்வால் இரண்டையும் பாருங்கள். விண்டோஸ் சர்வர்களில் ஃபயர்வால் விதி "உள் நெட்வொர்க்குக்கு மட்டும்" என்று இருப்பது அடிக்கடி கண்ணில் படும். உள்ளிருந்து திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. அந்த வரியே இல்லையென்றால் ரவுட்டரின் ஃபில்டர் விதி தடுக்கிறது.

10. உள்ளிருந்தே வெளி முகவரியைத் திறக்க: ஹேர்பின்

வெளியே எல்லாம் சரி. அலுவலகத்துக்குள் வந்து அதே முகவரியை அடித்தால் திறக்கவில்லை. இரண்டு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதாது.

முதல் காரணம் நம் விதியே. "வேனிலிருந்து வருவது" என்று எழுதினோம். உள்ளிருந்து வரும் பாக்கெட் பிரிட்ஜ் வழியாக வருகிறது. நிலையான முகவரி என்றால் இன் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டை எடுத்துவிட்டு, டிஎஸ்டி அட்ரஸ் 203.0.113.10 என்று போடுங்கள். மாறும் முகவரி என்றால், எக்ஸ்ட்ரா தாவலில் டிஎஸ்டி அட்ரஸ் டைப் லோக்கல் என்று தேர்ந்து, டிஎஸ்டி அட்ரஸில் 192.168.88.1-ஐ ஆச்சரியக்குறியோடு விலக்குங்கள். அந்த விலக்கு இல்லையென்றால் ரவுட்டரின் உள் முகவரிக்குப் போகும் அதே போர்ட்டும் சர்வருக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. 192.168.88.20 கணினி 203.0.113.10-க்கு அனுப்புகிறது. ரவுட்டர் அதைச் சர்வருக்குத் திருப்புகிறது, அனுப்புநர் இன்னும் 192.168.88.20. சர்வர் பார்க்கிறது: இவர் என் நெட்வொர்க்கிலேயே இருக்கிறார். பதிலை ரவுட்டருக்கு அனுப்பாமல் நேரே கொடுத்துவிடுகிறது. கணினி எதிர்பார்த்தது 203.0.113.10-இன் பதிலை; வந்ததோ 192.168.88.50-இடமிருந்து. யாரென்று தெரியாது என்று தூக்கிப் போட்டுவிடுகிறது.

பதிலை ரவுட்டர் வழியாக வரவைக்க ஒரு எஸ்ஆர்சி-நேட் விதி வேண்டும். எஸ்ஆர்சி அட்ரஸ் 192.168.88.0/24, டிஎஸ்டி அட்ரஸ் 192.168.88.50, புரோட்டோகால் டிசிபி, டிஎஸ்டி போர்ட் 443, அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட் லேன், ஆக்‌ஷன் மாஸ்க்கரேட். இங்கேயும் மாறிய பிறகான முகவரியும் போர்ட்டும்தான்.

பெயர் வைத்துத்தான் திறக்கிறார்கள் என்றால் ஹேர்பினே இல்லாமல், ஐபி → டிஎன்எஸ் → ஸ்டாட்டிக்கில் அந்தப் பெயருக்கு 192.168.88.50 என்று கொடுத்துவிடலாம். ஆனால் அப்போது போர்ட் மாற்றம் நடக்காது. வெளியே 8443, உள்ளே 443 என்ற ஏற்பாடு உதைக்கும். ஃபோனில் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருப்பவர்கள் உங்கள் ரவுட்டரைக் கேட்கவே மாட்டார்கள்.

11. விதிகளின் வரிசை

மேலிருந்து கீழே, முதலில் பொருந்தும் விதியோடு முடிந்தது. அதனால் குறுகிய விதி மேலே, பொதுவான மாஸ்க்கரேட் கடைசியில்.

கிளை அலுவலகம் 192.168.20.0/24-க்கு ஐபிசெக் இருந்து, மாஸ்க்கரேட்டை நீங்களே எழுதியிருந்தால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விலக்கு போடுங்கள்: செயின் எஸ்ஆர்சி-நேட், எஸ்ஆர்சி அட்ரஸ் 192.168.88.0/24, டிஎஸ்டி அட்ரஸ் 192.168.20.0/24, ஆக்‌ஷன் அக்செப்ட். இல்லையென்றால் பாக்கெட் டனலுக்குள் போகும் முன்பே அதன் முகவரி மாறி, டனலின் பாலிசியோடு பொருந்தாமல் இணையத்தின் பக்கம் போய்விடும்.

வின்பாக்ஸில் விதியை மவுஸால் இழுத்து நகர்த்த முடியவில்லை என்றால், பட்டியல் வேறு ஏதோ கட்டத்தின்படி வரிசையாகியிருக்கிறது. எண் குறியுள்ள முதல் கட்டத்தின் தலைப்பைச் சொடுக்கிவிட்டு இழுங்கள்.

12. முடிக்கும்போது

சோதனைக்காகப் போட்ட விதிகளை அழித்துவிடுங்கள். சிவப்புக் குறி போட்டு முடக்கி வைத்தவை, ஆறு மாதம் கழித்து யாராவது "இது எதற்கு?" என்று இயக்கிப் பார்க்கத்தான் உதவும். இருக்கும் ஒவ்வொரு விதிக்கும் கமென்ட் இருக்கட்டும்.

முகவரி மாறும் இணைப்பு என்றால் ஐபி → கிளவுட் போய் டிடிஎன்எஸ் இயக்குங்கள். ரவுட்டருக்கு ஒரு நிலையான பெயர் கிடைக்கும். பிறகு பிபிபிஓஇ-அவுட்1-ஐ ஒருமுறை முடக்கி இயக்குங்கள். புது முகவரி வந்த பிறகும் உள்ளிருந்து இணையமும், மொபைல் டேட்டாவிலிருந்து 8443-உம் திறக்க வேண்டும். 7-ஆம் படியில் பழைய வெளி முகவரியை எங்கேயாவது கையால் எழுதி வைத்திருந்தால் இப்போது மாட்டிக்கொள்ளும்.

ரவுட்டர்ஓஎஸ்ஸில் தனியாகச் சேமிக்க வேண்டியதில்லை. ஓகே கொடுத்ததும் பதிந்துவிடும். சேஃப் மோட் பட்டன் இன்னும் அழுந்தியிருந்தால் மட்டும் விடுவியுங்கள். அப்புறம் புதிய பேக்கப் ஒன்றும், டெர்மினலில் எக்ஸ்போர்ட் கொடுத்து எடுத்த எழுத்து வடிவக் கோப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கப் கோப்பு அதே ரவுட்டரில் மீட்பதற்கு. ரவுட்டர் எரிந்துபோய் வேறு மாடல் வாங்க நேர்ந்தால், எழுத்து வடிவக் கோப்பைத் திறந்து விதிகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். அதில் பாஸ்வேர்டுகள் இருக்காது. பிபிபிஓஇ பாஸ்வேர்டைத் தனியாகக் குறித்து வையுங்கள்.